ஓடிய தூரத்துக்கு யார் சாட்சி?

அப்பா ஓட்டிய பெட்போர்டு லாரியின் மீட்டர் கண்ணாடியில் மூன்று சின்னப் பிளாஸ்திரித் துண்டுகள் ஒட்டியிருக்கும். புண்ணுக்குப் போடும் அதே வெள்ளைப் பிளாஸ்திரிதான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரிடம் கேட்டு வாங்கி, நகம் அளவுக்கு நறுக்கி, நீலப் பேனாவால் எண் எழுதி ஒட்டியிருந்தார். மீட்டரில் 31 இருக்கும் இடத்துக்கு மேல் 50. 37க்கு மேல் 60. 50க்கு மேல் 80. வெயிலில் காய்ந்து ஓரம் சுருண்டால் புதிதாக ஒன்று நறுக்கி ஒட்டுவார்.

எழுபதுகளின் கதை இது. சிலியாவ் பக்கத்தில் எங்கள் தோட்டம். ரப்பர்ப் பால் ஏற்றிக்கொண்டு சிரம்பான் – போர்ட்டிக்சன் சாலைக்கு ஏறினால், பலகைகள் புதிய கணக்கில் பேசின. லாரியோ பழைய கணக்கில் பிறந்தது. அதன் மீட்டரில் மைலைத் தவிர வேறு எதுவும் இல்லை. பலகையில் 60 என்று பார்த்துவிட்டு முள்ளை 60க்குக் கொண்டுபோனால் லாரி மணிக்கு 97 கிலோமீட்டரில் பறக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற சாலையில், முழு லோடோடு. அந்த மூன்று துண்டுப் பிளாஸ்திரிக்கு அவ்வளவு வேலை இருந்தது.

மலேசியா எடை அளவுச் சட்டத்தை 1972இல் நிறைவேற்றி, அடுத்த பத்தாண்டுகளில் கட்டியும் காலனும் மைலும் போய்க் கிலோவும் லிட்டரும் கிலோமீட்டரும் வரச் செய்தது. பட்டணத்துக்கு அது ஒரு மாற்றம்தான். தோட்டத்தில் அது கூலிக் கணக்கிலேயே கை வைத்த மாற்றம். பால் எடை மாறியது, அரிசிப் படி மாறியது, லாரியின் லாக் புக் மாறியது. ஒருநாள் பெரிய கிராணி, இனிமேல் தூரத்தைக் கிலோமீட்டரில் எழுது என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு. எட்டால் பெருக்கு, அஞ்சால் வகு என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஸ்டோர் வாசலில் நின்று கணக்குப் போடுவார்.

எட்டுக்கு ஐந்து நல்ல கணக்குதான், கச்சிதமான கணக்கு இல்லை. ஒரு மைல் 1.609344 கிலோமீட்டர். அப்பாவின் கணக்கில் 1.6. பத்தாயிரம் மைல் ஓடினால் 93 கிலோமீட்டர் கணக்கில் வராமல் போய்விடும். சிலியாவிலிருந்து சிரம்பானுக்கு எத்தனையோ நடை. டீசல் கணக்கு உதைக்கும்போது அந்தத் தூரம் ஓட்டுநர் தலையில்தான் விழுந்தது.

மைல் சட்டத்திலிருந்து போனது, வாயிலிருந்து போகவில்லை. நம்மவர்கள் மைலைக் கட்டை என்றார்கள். சாலையோரம் நட்டிருந்த மைல்கல்லைக் கட்டை என்று பார்த்துப் பழகிய வாய் அது. இலங்கை மலையகத்திலும் திருகோணமலையிலும் இதே சொல் இன்றும் ஊர்ப்பெயராக நிற்கிறது. மலாய்க்காரர்கள் அதையே கல் என்ற பொருளில் பத்து என்றார்கள். போர்ட்டிக்சன் கடற்கரைச் சாலையில் நாலாங்கட்டை, ஏழாங்கட்டை, எட்டாங்கட்டை என்றால் இன்றைக்கும் இளைஞர்களுக்குக்கூட இடம் தெரியும். தெலுக் கெமாங்குக்கு வழி கேட்டால் கிலோமீட்டர் சொல்கிறவர் குறைவு. மைல்கல்லைப் பிடுங்கி ஐம்பது வருஷத்துக்குக் கிட்ட ஆனபின்னும் கல் நின்ற இடத்தில் பெயர் நிற்கிறது.

மைலேஜ் என்ற சொல்லும் அப்படியே தங்கிவிட்டது. தமிழ்நாட்டில் மைலேஜ் என்ன என்று கேட்டால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று பதில் வரும். இங்கே நாம் கேட்பது வேறு: காடி இதுவரை எவ்வளவு ஓடியிருக்கிறது? இரண்டாம் கை காடி வாங்கப் போகிற எந்தத் தோட்டத்துக் குடும்பமும் விலைக்கு அடுத்தபடியாகக் கேட்கிற கேள்வி அதுதான். இந்தக் கட்டுரையும் அந்தக் கேள்விக்காகத்தான்.

முள் சொல்வதும் சட்டம் சொல்வதும்

முதலில் வேக மீட்டரைப் பார்த்துவிடுவோம். பழைய லாரியின் மீட்டரை அப்பா ஒருமுறை பிரித்துக் காட்டினார். கியர்பெட்டியிலிருந்து ஒரு கேபிள் வரும். சக்கரம் சுற்றச் சுற்ற அதன் உள்கம்பி சுற்றும். கம்பியின் நுனியில் ஒரு காந்தம். காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், கிண்ணம்போல ஓர் அலுமினியக் குவளை. காந்தம் வேகமாகச் சுற்றினால் குவளையையும் தன்னோடு இழுக்கப் பார்க்கும்; கடிகாரத்தில் இருப்பதுபோன்ற மயிரிழைச் சுருள்வில் ஒன்று, போகாதே என்று பிடித்து நிறுத்தும். இந்த இழுபறியில் குவளை எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான் முள் காட்டும் வேகம். 1902இல் பெர்லினில் ஓட்டோ ஷுல்ட்சே காப்புரிமை பெற்ற ஏற்பாடு. உலகம் முழுக்க எண்பது, தொண்ணூறு வருஷம் வாகனங்களை ஓட்டியது இதை நம்பித்தான்.

கவனிக்க வேண்டியது ஒன்று. மீட்டர் சாலையைப் பார்ப்பதே இல்லை. சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை மட்டும் எண்ணுகிறது. இன்றைய காடிகளில் காந்தமும் குவளையும் போய் உணரியும் சில்லும் வந்துவிட்டன. எண்ணுவது மட்டும் இன்னும் அதே சக்கரத்தைத்தான். மைவி காடியில் போடும் 175/65 ஆர்14 டயரின் குறுக்களவு சுமார் 583 மில்லிமீட்டர்; ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 546 சுற்று. அதே மைவியின் உயர் ரகத்துக்கு வரும் 185/55 ஆர்15 டயரின் குறுக்களவு 584.5. ரிம் ஓர் அங்குலம் பெரிதானாலும் டயர் கிட்டத்தட்ட அதே அளவு, ஆகவே மீட்டர் ஏமாறுவதில்லை. பார்ப்பதற்கு மிடுக்காக இருக்கட்டும் என்று யாராவது அதில் 195/65 ஆர்15 போட்டால் குறுக்களவு 634க்கு மேல் போய்விடும். மீட்டர் அப்பாவியாக 101 என்று காட்டும். காடி 110இல் ஓடிக்கொண்டிருக்கும். ஓடிய தூரமும் குறைவாகவே பதியும். நூறு கிலோமீட்டர் மீட்டரில் ஏறும்போது சாலையில் ஏறக்குறைய 109 ஓடி முடிந்திருக்கும்.

மீட்டர் எவ்வளவு தவறலாம் என்பதற்கு ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன விதி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வாகன விதிகளுக்கான 1958 ஒப்பந்தத்தில் மலேசியா 2006இல் சேர்ந்தது. அந்தப் பட்டியலில் நம் நாட்டின் எண் 52. விதி சொல்வது இதுதான்: மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம். எவ்வளவு? உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதற்குமேல் 4 கிலோமீட்டர். 90இல் ஓடும் காடியின் மீட்டர் 90 காட்டலாம், 103 வரைக்கும் காட்டலாம். 89 காட்டக் கூடாது. மீட்டர் பொய் சொன்னாலும் அது ஓட்டுநரை மெதுவாகப் போக வைக்கும் பொய்யாக மட்டுமே இருக்க வேண்டும் என்று எழுதியவர்கள் உயிரை நினைத்து எழுதியிருக்கிறார்கள். நான் படித்த வாகன விதிகளில் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் இது புதிய காடிக்கு, தொழிற்சாலை போட்ட டயருக்கு. வாங்கியவர் டயரை மாற்றிய பிறகு அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. 1989 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கும் தேசிய வேக வரம்பு, நெடுஞ்சாலையில் 110, கூட்டரசு, மாநிலச் சாலைகளில் 90 என்கிறது. பெருநாள் காலங்களில் அந்த 90, 80 ஆவதும் உண்டு. லிங்கி வளைவிலும் புக்கிட் பூத்துஸ் ஏற்றத்திலும் மாற்றிய டயர் மறைக்கும் இந்த வேக வித்தியாசம் என்ன செய்யும் என்று அந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டத்துக்குள் போய்விட்டால் கதை வேறு. 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், தனியார் வைத்துப் பராமரிக்கும் தனிச்சாலையைச் சாலை என்ற சொல்லுக்குள் சேர்க்கவில்லை. செம்மண் பாதையில் செம்பனைக் குலை இழுக்கும் டிராக்டருக்கு மீட்டர் வேலை செய்கிறதா, முள் செத்துக் கிடக்கிறதா என்று கேட்க அதிகாரி யாரும் வரமாட்டார். லயத்துப் பிள்ளைகள் நடந்து போவதும் அதே பாதையில்தான். வேகம் குறைக்கச் சொல்லித் தோட்ட நிர்வாகம் நட்ட பலகை இருக்கும். அதைப் பார்த்துக் குறைப்பதும் குறைக்காததும் ஓட்டுகிறவர் மனத்தைப் பொறுத்தது.

எழுபத்தோராயிரமும் ஒரு லட்சத்து எண்பதாயிரமும்

தோட்டங்கள் கைமாறி, துண்டாகி, பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. செண்டாயான் தோட்டம் இருந்த மண்ணில் இன்று ஒரு நகரமே நிற்கிறது. லயத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்களுக்கு வேலை செனவாங்கிலும் நீலாயிலும். பேருந்தை நம்பி இரவு ஷிப்டுக்குப் போக முடியாது. ஆகவே வீட்டுக்கு அடுத்தபடியாக அந்தக் குடும்பம் வாங்கும் பெரிய பொருள் ஒரு காடி, பெரும்பாலும் இரண்டாம் கை.

என் தம்பியும் அப்படித்தான் ஒன்று வாங்கினான். கடைக்காரர் நல்ல தமிழில் பேசினார். "அண்ணே, ஒரே ஓனர். மைலேஜ் கொறச்சல். எழுபத்தோராயிரம்தான் ஓடியிருக்கு, நீங்களே பாருங்க." மீட்டரில் 71 ஆயிரத்துச் சொச்சம் பச்சை வெளிச்சத்தில் மின்னியது. தம்பி சந்தோஷமாக 18,500 ரிங்கிட்டுக்கு ஒத்துக்கொண்டான். வைப்புப் பணத்துக்கு அம்மாவின் சேமநிதியில் மிச்சமிருந்ததை எடுத்தார்கள்.

பதினான்கு மாதம் கழித்து, ரந்தாவில் ஒரு பட்டறையில் டைமிங் பெல்ட் மூடியைக் கழற்றினார்கள். உட்பக்கம் எண்ணெய் படிந்து ஒரு காகித ஸ்டிக்கர். மெக்கானிக் கட்டை விரலால் அழுக்கைத் துடைத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார். பழைய பட்டறை ஒன்று ஒட்டியது. அடுத்த மாற்றம்: 180,000 கிலோமீட்டர். எழுத்து மங்கியிருந்தது, எண் மங்கவில்லை. அப்படியென்றால் அந்தக் காடி ஏற்கெனவே ஒரு லட்சத்தைத் தாண்டி நெடுநாள் ஆகியிருக்க வேண்டும். தம்பி ஒன்றும் பேசாமல் ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டு நின்றான் என்று மெக்கானிக் பிறகு என்னிடம் சொன்னார். கடைக்குப் போன் போட்டால், நாங்களும் அப்படித்தான் வாங்கினோம் என்று ஒரு பதில். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

பழைய மீட்டரைத் திருப்புவதற்குக் கேபிளைக் கழற்றித் துளைபோடும் மெஷினில் மாட்டிப் பின்னோக்கிச் சுற்றுவார்கள். எண்கள் ஒன்றுக்கொன்று நேராக நிற்காமல் கொஞ்சம் கோணலாகி அது காட்டிக் கொடுத்துவிடும். இன்றைய மீட்டரில் எண் ஒரு சில்லில் இருக்கிறது. மடிக்கணினியும் ஒரு வயரும் இருந்தால் சில நிமிஷ வேலை. கோணலும் கிடையாது, கீறலும் கிடையாது. மீட்டருக்குப் பதிலாகக் காடியே பேசட்டும் என்று பார்க்கத் தெரிந்தவர்கள் வேறு இடங்களைப் பார்க்கிறார்கள்: பிரேக் மிதியின் ரப்பர், ஸ்டீயரிங்கின் வழவழப்பு, ஓட்டுநர் இருக்கையின் ஓரத் தையல், டயரின் பக்கத்தில் வாரமும் வருஷமும் சொல்லும் நான்கு இலக்கம். எழுபதாயிரம் ஓடிய காடியில் பிரேக் ரப்பர் வழுக்கையாகியிருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டம், ஒரு பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் கொடுத்து விற்பதைக் குற்றமாக்குகிறது. அது முன்பு எப்படிப் பயன்பட்டது என்ற வரலாறும் அந்த விவரத்தில் சேரும். மீட்டரில் எரியும் எண்ணும் ஒரு விவரம்தான். தனிநபருக்கு 100,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டும். நிறுவனத்துக்கு 250,000 ரிங்கிட் வரை. தண்டனை கடுமையானது. ஆனால் தண்டனையால் தம்பிக்குப் பணம் திரும்பி வராது. அதற்கு 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. வக்கீல் வேண்டாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 2019 திருத்தத்துக்குப் பிறகு 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். ஆனால் மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும்.

தம்பி போகவில்லை. அப்படி ஓர் இடம் இருப்பது அவனுக்குத் தெரியாது; எனக்குத் தெரிந்தபோது மூன்று ஆண்டு முடிந்திருந்தது. ஸ்டிக்கரும் பட்டறையில் பெல்ட் மாற்றும்போதே குப்பைக்குப் போயிருந்தது. மெக்கானிக்கைத் தவிர சாட்சி யாரும் இல்லை.

சாட்சி இல்லாததுதான் இந்த விஷயத்தின் அடிவேர். லாரியும் பேருந்தும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். தனியார் காடிக்கு அப்படி எதுவும் கிடையாது. கைமாறும்போது ஒரு பரிசோதனை. அதுவரை ஐந்து வருஷமோ பத்து வருஷமோ அந்த எண்ணை அரசுத் தரப்பில் யாரும் பார்ப்பதில்லை. பார்க்கும் அன்றைக்கு எண் ஏற்கெனவே திருப்பப்பட்டிருக்கும். பொய்யை எழுதி முத்திரை போட்டது போல் ஆகிவிடும்.

இதைத் தோட்டத்துக்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். அந்தக் காலத்தில் பால் நிறுக்கும் தராசில் நம் பெரியவர்களுக்கு எத்தனை சந்தேகம், எத்தனை சண்டை! வாளியை வைத்ததும் முள்ளைப் பார்க்கும் அந்தக் கண்களை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வியாபாரத்தில் பயன்படும் தராசைச் சரிபார்த்து முத்திரை குத்த வேண்டும் என்று 1972 சட்டம் சொல்கிறது. பெட்ரோல் பம்புக்கும் டாக்சி மீட்டருக்கும் அதே முத்திரை. இரண்டு ரிங்கிட் கத்தரிக்காய் நிறுக்கும் தராசுக்கு முத்திரை இருக்கிறது. பதினெட்டாயிரம் ரிங்கிட் விலையைத் தீர்மானிக்கும் எண்ணுக்கு இல்லை.

மற்ற நாடுகள் இதைச் சும்மா விடவில்லை. அமெரிக்கா 1972இலேயே ஓடோமீட்டரைத் திருப்புவதைக் கூட்டரசுக் குற்றமாக்கி, விற்கிறவர் ஓடிய தூரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றது. அங்கேயும் 2002இல் அவர்களுடைய சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுக்கு 450,000க்கு மேற்பட்ட வாகனங்கள் பொய் எண்ணோடு விற்கப்படுவதாக மதிப்பிட்டது. கையெழுத்து மட்டும் போதாது என்பது அதில் தெரிகிறது. பெல்ஜியம் வேறு வழியில் போனது. 2006 முதல் அங்கே கார்-பாஸ் என்ற ஏடு. காடி பட்டறைக்கோ டயர் கடைக்கோ போகும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் மீட்டர் எண்ணைப் பொது ஏட்டில் பதிந்தாக வேண்டும்; அந்தத் தாள் இல்லாமல் பழைய காடியை விற்கவே முடியாது. பிரிட்டனில் மூன்று வயதான காடிகளுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை. அன்றைய எண்ணை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இணையத்தில் பார்க்கலாம். இன்னும் மைலிலேயே எண்ணும் நாடு அது. ஆனாலும் எண்ணியதை எழுதி வைக்கிறது.

நம்மிடம் இதற்குப் புதிதாக ஒரு கட்டடம்கூடக் கட்ட வேண்டியதில்லை. சாலை வரி ஆண்டுதோறும் புதுப்பிக்கிறோம். அது 2023 முதல் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. காப்புறுதியும் ஆண்டுதோறும். புதுப்பிக்கும் அன்றைக்கு மீட்டரைப் படம் எடுத்து அனுப்பு, எண் உன் காடியின் பெயரில் பதியட்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பட்டறைகளும் பதியட்டும். ஓராண்டு எண்ணைவிட அடுத்த ஆண்டு எண் குறைந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும். போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் நம் சிரம்பானின் நாடாளுமன்ற உறுப்பினர். புஸ்பாகோமிடம் மட்டுமே இருந்த வாகனப் பரிசோதனையை மற்றவர்களுக்கும் திறந்துவிட முடிவெடுத்தது அவருடைய அமைச்சு. கிரிக்கில் 2025 ஜூனில் 15 மாணவர்களைப் பறித்த பேருந்து விபத்துக்குப் பிறகு கனரக வாகனங்களின் வேகக் கட்டுப்படுத்தும் கருவியைக் கட்டாயமாகச் சரிபார்க்கும் நடைமுறையும் வந்தது. வேகத்துக்குச் செய்ய முடிந்ததைத் தூரத்துக்கும் செய்யலாம். செனவாங் ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள் அவருடைய தொகுதியிலேயே நிறையப் பேர்.

அதுவரை, காடி வாங்கப் போகிறவர்கள் மூன்று காரியம் செய்யுங்கள். விற்பனைத் தாளில் மீட்டர் எண்ணைக் கையால் எழுதிக் கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். சர்வீஸ் புத்தகம் இருந்தால் அந்தப் பட்டறைக்கே போன் போட்டுக் கேளுங்கள். ஏமாந்தது தெரிந்த அன்றைக்கே படம் எடுத்து, ஸ்டிக்கரையோ தாளையோ தூக்கிப் போடாமல், தீர்ப்பாயத்துக்குப் போங்கள்.

அப்பா போன பிறகு அவருடைய தகரப் பெட்டியில் லாக் புக்குகளின் நகல் கிடைத்தது. கம்பெனிக்குக் கொடுத்தது போக, தனக்கென்று பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். தேதி, போன இடம், கிளம்பும்போது மீட்டர், திரும்பும்போது மீட்டர். லிங்கி, லுக்குட், சிரம்பான், லிங்கி. அந்த லாரியின் மீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999 ஆனதும் எல்லாம் சைபராகிவிடும். நோட்டின் ஒரு பக்கத்தில் அந்த நாள் வருகிறது. காலையில் கிளம்பும்போது 99,981. சாயங்காலம் திரும்பும்போது மீட்டர் 00,017 காட்டியிருக்க வேண்டும். அப்பா அப்படி எழுதவில்லை. முன்னால் ஓர் ஒன்றைத் தானே சேர்த்து 100,017 என்று எழுதி, ஒன்றின் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறார். அடுத்த நாளிலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு வரியிலும் அந்த ஒன்று இருக்கிறது.